தொழில் என்ற கட்டம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நகராட்சி அதிகாரிகள் இரண்டு பேர், ஒப்பந்தக்காரரின் பொறியாளர், ஓரத்தில் மடிக்கணினியோடு அவரிடம் வேலை செய்யும் நான். வராதவர்கள், குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கும் பெண்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

மேட்டை மூடிவிட்டு வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்குவது திட்டம். அந்தப் பெண்களுக்குத் தரம் பிரிக்கும் கூடத்தில் மாதச் சம்பளம். "தொழில் கட்டத்துல குப்பை சேகரிப்புன்னு இருக்கறவங்கள மட்டும் எடுப்பா" என்றார் பொறியாளர். எடுத்தேன். பட்டியலில் என் அத்தை இல்லை.

அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பியவனே நான்தான். மேட்டை ஒட்டிய அந்தத் தெருவில் பிறந்தவன் என்று கணக்கெடுக்க என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். தொழில் என்னவென்று கேட்டதும் அத்தைக்குச் சிரிப்பு.

"உனக்குத் தெரியாதாடா? கூலின்னு போடு. பாப்பா ஸ்கூல்லயும் அதான் குடுத்திருக்கு."

"எங்களுக்கும் அதே போட்டுடு தம்பி" என்றார்கள் பக்கத்து வீட்டு அக்காக்கள் இருவரும். "கலெக்டர்னு போட்டாலும் சரி."

நானும் பள்ளியில் அப்பாவுக்கு அந்த வார்த்தையைத்தான் எழுதிவந்தேன். அதனால் கை தயங்கவில்லை.

"சார், மூணு பேரு விட்டுப்போச்சு" என்றேன்.

"யாரு, சொந்தக்காரங்களா?"

"தெரிஞ்சவங்க சார்."

நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வரச் சொன்னார். ரெட்டியார்பாளையத்தில் நான் தனியாகத் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பியதும் அத்தைக்குப் போன் செய்தேன். விஷயத்தை மட்டும் சொன்னேன். 'தெரிஞ்சவங்க' என்று நான் சொன்ன பதிலைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை.

நோட்டரி, உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். "குப்பைமேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைத்து வருகிறேன்" என்று படித்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் படிடா. ஊருக்கே கேக்குது" என்றார் அத்தை. பிறகு கைநாட்டு வைத்தார்.

மூவருக்கும் வேலை கிடைத்தது. அதிகாரிகளோடு கூடத்தைப் பார்வையிடப் போகும் நாட்களில் அத்தை என்னைச் "சார்" என்று கூப்பிடுகிறார். எனக்காகத்தான். நான் தலையாட்டிவிட்டு நகர்கிறேன்.

அன்று நோட்டரி வாசலில் நான் சட்டைப் பையில் கைவிட்டதும், "நீ ஆபீஸ் ஆளு, உங்கிட்ட வாங்கனா தப்பாயிடும்" என்று அத்தை தடுத்துவிட்டார். மூவரும் தங்களுக்குள் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்திரம், தட்டச்சு, நோட்டரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருநூற்று எண்பது. மொத்தம் எண்ணூற்று நாற்பது ரூபாய்.