பல்செட்டுக்காரர் கட்டிய ஐந்து மாடி

பல்செட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே யார் நின்று பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகப் பல்செட்டு செய்கிறவர் வேறு எதைப் பார்ப்பார்? அச்சு வரும், செட்டு போகும். போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துவிட்டு டாக்டரின் கையைக் குலுக்குவார்கள். பின்னறையில் ஓர் ஆள் இருப்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒரு முறை பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் ஓர் அம்மாள் ஆப்பிளைக் கடித்தார். கடித்த பற்கள் நம்மவரின் கைவேலை. மேல்வரிசையில் இடது பக்கத்துப் பல் ஒன்றை அரை நூல் திருப்பி வைத்திருந்தார். எல்லாம் நேராக இருந்தால் பொய் என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பது தொழில் ரகசியம். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்த வாயையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாளின் கணவர் வந்து, "என்ன சார், ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டார். கேட்ட தொனியில் பல்செட்டுக்காரர் கேக்கைக்கூடத் தொடாமல் வீடு வந்து சேர்ந்தார்.

"அது நான் செஞ்சதுன்னு சொல்லியிருக்கலாமேங்க," என்றாள் மனைவி.

"சொன்னா அந்தம்மாவோட மானம் என்னாகும்? பொய்ப்பல்லுன்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே."

தொழில் தர்மம் அப்படி. ஆனால் ஆசை யாரை விட்டது? ஆயுளில் ஒரு தடவையாவது தான் செய்த ஒன்றை நாலு பேர் பார்த்து, "இதை யார் செஞ்சது?" என்று கேட்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம்.

அந்த ஆசைதான் அவரைக் குட்டி ரயில் சங்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஐந்தாறு ஆண்கள், ஒரு வாடகை ஹால், நீள நீள மேஜைகள், அவற்றின் மேல் தண்டவாளம். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தலைவர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு; கையகல ரயிலைக்கூடக் கொடி காட்டாமல் கிளப்ப விடமாட்டார். மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் மூத்தவர்கள் கைக்கு ஏற்கெனவே போய்விட்டன. புதிதாக வந்தவருக்கு மிஞ்சியது ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சுவர். அதில் ஹாலின் இரும்பு சுவிட்ச் பெட்டி துருத்திக்கொண்டு நின்றது.

"அது மறையற மாதிரி பின்னணிக்கு ஒரு கட்டடம் பண்ணுங்க பல்லுக்காரரே," என்றார் கார்டு. "ஆழம் மூணு விரல்தான் இருக்கு. முன்பக்கம் மட்டும் போதும். பின்னாடி யாரு பாக்கப்போறா?"

ஐந்து மாடிக் கிடங்கு ஒன்று கட்டுவது என்று முடிவானது. கடையில் விற்கும் கட்டடத்தை வாங்கி ஒட்டுவது நம்மவர் கௌரவத்துக்கு இழுக்கு. ஆகவே ஒரு மாதம் வீட்டில் சாப்பாட்டு மேஜை பறிபோனது. பல் அச்சுக்கு ஊற்றும் பிளாஸ்டரைக் கண்ணாடி மேல் ஊற்றித் தகடாக இறுக வைத்தார். மெழுகு செதுக்கும் கத்தியால் செங்கல் வரிசைகளைக் கீறினார். ஒரு வரிசை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஜன்னல் சட்டங்களுக்குப் பல்செட்டு பிளாஸ்டிக், கண்ணாடிக்குப் புதுச் சட்டை வந்த பெட்டியின் மூடி. செங்கலுக்கு நிறம் வேண்டுமே? கையில் இருந்தது ஈறு நிறம். அதில் கொஞ்சம் காவி கலந்தார். மாடிக்குப் பன்னிரண்டு ஜன்னல், அறுபதும் ஒரே அச்சு. கடைசியில் செட்டுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்துப் பளபளவென்று தேய்த்தார். இத்தனை வருடம் திருப்பி வைத்த பற்களுக்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்குவதுபோல், ஒரு ஜன்னலைக்கூட அரை நூல் திருப்பவில்லை.

ஜனங்கள் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம் முன்பு அதை ஹாலில் கொண்டுபோய் வைத்தார். கார்டு பத்தடி பின்னால் போய்ப் பார்த்தார், குனிந்து பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வேலை பிரமாதம். அதான் வம்பே. வண்டி ஸ்டேஷனுக்குள்ள வருது, என் கண்ணு வண்டிக்குப் போகவே மாட்டேங்குது. இது பொம்மை, இது பொம்மைன்னு அது நின்னு கத்துது. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா அங்க ஒரு நீலத் துணியைக் கட்டி விட்டுடறேன்."

இஞ்சி தின்ற குரங்கு முகத்தோடு பல்செட்டுக்காரர் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பஸ் டிரைவர். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நாள் பூரா ஸ்டியரிங் புடிச்சுக்கிட்டு நான் பாக்கறது பில்டிங்குகளைத்தான். இப்படிப் பல்லு வெளக்கிட்டு வரிசையா நிக்கற பில்டிங் ஒண்ணைக்கூடப் பாத்ததில்லங்க. அடுத்தவங்க வாயில ஒரு பல்லைத் திருப்பி வைக்கத் தெரியுதில்ல? இதுல மட்டும் ஏன் மனசு வரல?"

"திருப்பி வெச்சா யாரும் பாக்க மாட்டாங்கம்மா," என்றார் அவர்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஆப்பிள் விருந்து அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, "நாளைக்கு என் பஸ்ல முன் சீட்ல வந்து உக்காருங்க. டிக்கெட் எடுத்துடுங்க, பொண்டாட்டி வண்டின்னு சும்மா வரக்கூடாது," என்றாள்.

டிக்கெட் எடுத்து இரண்டு நடை போய் வந்தார். சிக்னலில் பஸ் நின்றபோதெல்லாம் அவள் தாடையால் ஒரு கட்டடத்தைக் காட்டினாள், அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். ஜன்னலுக்கு அடியில் மழைத்தண்ணீர் வடிந்த கறை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை. நடுவில் அடைத்துப் பூசிய ஒரு கதவு. வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினார். டீக்கறைக்கு ஒரு குப்பி, சிகரெட் கறைக்கு ஒரு குப்பி என்று சாயங்கள் தொழிலிலேயே கைவசம் இருந்தன. பளபளப்பைச் சுரண்டினார். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னலைப் பிடுங்கி அட்டை அடைத்தார், இன்னொன்றை அரை நூல் திருப்பினார். கண்ணில் தண்ணீர் வந்தது என்னவோ உண்மை. பிளாஸ்டர் தூசி என்று மனைவியிடம் சொன்னார், அவளும் நம்பியதுபோல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு தன் கிடங்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். பின்புறம் பதித்திருந்த காந்தம் சுவிட்ச் பெட்டியின் இரும்பைப் பிடித்துக்கொள்ள, கட்டடம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஜனங்கள் வந்தார்கள். பாலத்தைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், கார்டின் கொடியைப் பார்த்துக் கைதட்டினார்கள். தீக்குச்சி மருந்தளவு ஆடு ஒன்றை ஒருவர் படமே எடுத்தார். கிடங்கைச் சீந்த நாதியில்லை. மத்தியானம் யூனிஃபார்மோடு வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

மூன்று மணிக்கு யாரோ காபி மெஷினைப் போட, ஹாலில் கரண்ட் போய்விட்டது. வண்டி பாலத்தின் நடுவே நின்றது. கார்டு டார்ச்சோடு மேஜைக்கு அடியில் புகுந்து ஒயர்களைக் குடையத் தொடங்கினார். ஹாலின் எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரை இடமிருந்து வலமாகப் பார்த்தார், வலமிருந்து இடமாகப் பார்த்தார்.

"சுவிட்ச் பெட்டி எங்க சார்? என் கையால மாட்டினதே இங்கதான்."

"நல்லாப் பாருங்க," என்றார் பல்செட்டுக்காரர். சொல்லியிருக்கலாம், அவசரம்தான், ஆனால் வாய் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் கிடங்குக்கு நேர் எதிரே, ஒரு முழம் தூரத்தில் நின்று தலையைச் சொறிந்தார். "இல்லையே சார். இங்க இந்தப் பழைய குடோன்தான இருக்கு!"

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையை நீட்டினார். இருபத்தாறு வருடம் பழகிய கை: கீழே இரண்டு விரல், மேலே கட்டைவிரல், லேசாக ஓர் அசைப்பு. 'டப்' என்று கிடங்கு கையோடு வந்தது.

ஹால் முழுக்க ஒரே 'அய்யய்யோ!' ஸ்டேஷனுக்குப் பின்னால் துருப்பிடித்த பெட்டியும் காரை பெயர்ந்த சுவரும் தெரிந்தன. அவ்வளவு நேரம் அமர்க்களமாக இருந்த ஊர் ஒரு நொடியில் பொக்கைவாய் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் எல்லாக் கண்களும் அவர் கையில் இருந்ததன் பக்கம் திரும்பின. கறை, அட்டை, திருப்பிய ஜன்னல் எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதை யாருங்க செஞ்சது?" என்று ஆடு படம் எடுத்தவர் கேட்டார்.

இந்த முறை சொன்னால் யாருடைய மானமும் போகாது.

"நான்தான்," என்றார் பல்செட்டுக்காரர்.

"நிழலோட அருமை வெயில்லதானே தெரியும்," என்றாள் மனைவி, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில்.

எலக்ட்ரீஷியன் சுவிட்சைத் தூக்கிவிட்டார், விளக்குகள் வந்தன. மேஜைக்கு அடியிலிருந்து கார்டின் தலை வெளியே வந்தது. "பல்லுக்காரரே, சீக்கிரம் மாட்டுங்க! அது இல்லாம வண்டியை விட முடியாது."

மாட்டினார். கொடி அசைந்தது, வண்டி கிளம்பியது, ஜனங்கள் வண்டியின் பக்கம் திரும்பினார்கள். இரண்டே நிமிடத்தில் கிடங்கை மறுபடியும் ஒருவரும் பார்க்கவில்லை. பல்செட்டுக்காரர் மட்டும் அதன் பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக நின்றார். அத்தனையும் சொந்தப் பல்.