ஆட்சேபம் உண்டா?

மாமாக் சாப்பாட்டுக் கடை அரட்டையில் எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசுகிறவன் என்ற ஒரே தகுதிக்காகத்தான் என்னை நகராண்மைக் கழக உறுப்பினராக்கினார்கள் என்று நினைக்கிறேன். முதல் முழுக்கூட்டத்திலேயே கிள்ளானில் எங்கள் தெருமுனை அப்பக் கடை விஷயம் விவாதத்துக்கு வந்தது. அதை எடுத்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் போடலாம் என்று குழு ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தது. தலைவர், “ஆட்சேபம் உண்டா?” என்று மலாயில் கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் கடை போய்விடும்.

கடைக்கார அக்காவிடம், “நான் பாத்துக்கிறேன்கா” என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மலாயில் ஒரு பேச்சும் மனப்பாடம். ஆனால் ஏர்கோன் போட்ட அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் வியர்த்தது. தலைவர் கேட்டார். மைக் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாத் தலைகளும் திரும்பின, என் மலாய் ஓடிப்போனது.

“அந்த அக்கா பாவம், விட்ருங்க” என்றேன், தமிழில்.

குறிப்பெழுதும் அதிகாரி தமிழ் புரியாமல் பேனாவோடு உறைந்துபோனார். என்ன ஆட்சேபம் என்று எழுதாமல் எப்படி முடிவெடுப்பது? தலைவர் யோசித்துவிட்டு, விஷயத்தைக் குழுவுக்கே திருப்பி அனுப்பினார். என்னையும் அங்கே வந்து விளக்கச் சொன்னார்.

மறுநாள் அக்கா அப்பத்தை நீட்டியபடி கேட்டார்.

“என்ன தம்பி, பேசுனியா?”

“பேசுனேன்கா. கடை இன்னும் இருக்கே. குழுவுலயும் வந்து பேசச் சொல்லிருக்காங்க.”

“அப்ப அங்கயும் இதே மாரி பேசு லா.”

மலாய்ப் பேச்சை மறுபடி முதல் வரியிலிருந்து முணுமுணுத்தபடி அப்பத்தைப் பிய்த்தேன்.