காலை விட்டுக்கொடுக்காத சம்பந்தியம்மா

என் மகளின் மாமியார் அவர், எனக்குச் சம்பந்தி. இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை, தோல் ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவுவது. "அவ்வளவுதானா?" என்று அவர் காதுபடக் கேட்டுப் பாருங்கள், தெரியும் சேதி.

அங்கே கண்ணாடித் தட்டுகளில் தோலின் செல்களை வளர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள். நம் மேல் போர்த்தியிருக்கும் தோலே அவற்றால் ஆனதுதான். அவற்றுக்கு ஊற்றும் சத்துநீர் வைக்கிற பாட்டிலில் துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் அவை செத்துவிடும். அதனால் சம்பந்தியம்மா ஒவ்வொரு பாட்டிலையும் ஏழு தடவை நல்ல தண்ணீரில் அலசுவார். ஆறு என்ற பேச்சே கிடையாது.

அவருக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. செருப்பில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க ஈரத்தில் நின்றிருக்கிறார். காயம் நாலு மாதமாகியும் ஆறவில்லை. சுண்டுவிரல் கறுத்துப் போயிற்று. மனுஷி சும்மா இருந்தாரா? காரமான கிருமிநாசினியை தினம் மூன்று வேளை ஊற்றி, வெள்ளையாகும்வரை தேய்த்தார்.

கடைசியில் அறுவை டாக்டர் ஒரு தாளை நீட்டினார். "பாதத்துல பாதியை எடுத்துடலாம்மா. கையெழுத்துப் போடுங்க."

"பாதியா? காய்கறியா வாங்க வந்திருக்கேன்?"

"அம்மா, கொஞ்சம் பேசாம இரு," என்றார் மாப்பிள்ளை.

"நீ பேசாம இருடா. உன் கால் இல்ல, என் கால்." தாளை மடித்து டாக்டர் பக்கமே தள்ளினார். "ரத்தம் ஓடுதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"ஓடுது. புண்ணும் எலும்பு வரைக்கும் இன்னும் போகலை."

"அப்புறம் என்ன அவசரம்?"

டாக்டர் கோபக்காரர் இல்லை. பெருமூச்சு விட்டார். "நாலு வாரம் தரேன். செத்துப்போன சுண்டுவிரலை மட்டும் இப்போ எடுத்துடணும். காய்ச்சல் வந்தா, சிவப்பு மேல ஏறினா, அன்னைக்கே வந்து நிக்கணும்."

"செத்தது போகட்டும். உயிரோட இருக்கறதைத் தொடாதீங்க."

விரலை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். தினம் அவிழ்த்து உப்புத் தண்ணீரில் மட்டும் துடைக்கச் சொன்னாள் நர்ஸ். இவர் கேட்பாரா? வீட்டில் மறுபடி அதே கிருமிநாசினி. ஒரு வாரம் போயிற்று. காயம் நூலளவும் சுருங்கவில்லை.

விடுப்புக் கடிதம் கொடுக்க ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி. சம்பந்தியம்மாவுக்கு அவள் 'கண்ணாடிக்காரி'. நுண்ணோக்கி வழியே எங்களைப் பார்க்க வைத்தாள். முதல் தட்டில் செல்கள் பாய் விரித்த மாதிரி நெருக்கமாக இருந்தன. நடுவில் கோடு கிழித்துக் காயம் பண்ணினாளாம். இப்போது கோடு இருந்த இடமே தெரியவில்லை.

"எப்படிம்மா மூடுச்சு?" என்றேன்.

"காயம் பட்டதும் வளர்ச்சிக் காரணின்னு ஒண்ணு சுரக்கும் பாட்டி. அதுதான் சேதி கொண்டு போற ஆள். ஓரத்துல இருக்கற செல்லோட வாசலைத் தட்டும். உள்ளே மரபணு நிறைய இருக்கு, பாதிக்கு மேல தூங்கிட்டிருக்கும். தட்டினதும் தேவையானது மட்டும் எழுந்து, நகரு, பெருகுன்னு உத்தரவு போடும். வேலை முடிஞ்சா அதுவே அடங்கிடும்."

"இவங்க கால்ல மட்டும் ஏன் தட்டலை?"

"பழைய காயத்துல ஊறுற நீர், சேதியை வழியிலேயே வெட்டிப் போட்டுடும். செத்த சதையைச் சுரண்டி எடுத்தா, மறுபடி புதுசா ஆரம்பிக்கும்."

அடுத்த தட்டைப் பார்த்த சம்பந்தியம்மா முகம் சுளித்தார். செல்களெல்லாம் உரிந்து குப்பையாய் மிதந்தன.

"இது என்ன அக்கிரமம்?"

"உங்க இடத்துக்கு வந்தவர் அலசாம விட்டுட்டாரும்மா. சோப்பு."

"அறிவிருக்கா அவனுக்கு? பிஞ்சு செல்லும்மா அது! சோப்பு பட்டா தாங்குமா? கூப்பிடு அவனை, நான் கேக்கறேன்…"

பாதியில் நின்றுவிட்டார். கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தார்.

"சம்பந்தி," என்றார் என்னிடம், தணிந்த குரலில். "நான் இதைவிடக் காரமா மூணு வேளை ஊத்துறேனே."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பாட்டிலுக்கு ஏழு அலசல், தன் காலுக்குத் தேய்ப்பா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"குத்திக் காட்டாதீங்க. வீட்டுக்குப் போனதும் அந்தப் பாட்டிலைக் கவுத்துடுங்க."

அன்றிலிருந்து உப்புத் தண்ணீர், ஈரம் காக்கும் கட்டு. டாக்டரிடம் தானே கேட்டு, செத்த சதையைச் சுரண்டி எடுக்க வைத்து, சேதி கொண்டு போகும் அந்த வளர்ச்சிக் காரணி கலந்த களிம்பும் வாங்கிக்கொண்டார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார். காலை ஊன்றவே இல்லை. நர்ஸ் வாராவாரம் காயத்தின் ஓரத்தைக் கண்ணாடித் தாளில் வரைந்தாள். இரண்டாவது வாரமும் அதே அளவு. மாப்பிள்ளை என்னிடம் வந்து அழுதார். சம்பந்தியம்மாவோ, "எனக்குத் தந்தது நாலு வாரம். ரெண்டுதான் ஆகியிருக்கு," என்றார். மூன்றாவதில் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. நாலாவதில் டாக்டர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெகு நேரம் பார்த்தார். பாதி மூடியிருந்தது.

"கத்தி வேண்டாம்," என்றார்.

முழுக்க மூட இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. கடைசி நாளில் டாக்டர், "இனிமே வீட்டோட இருங்கம்மா," என்றார்.

"ஈரத்துல நிக்காதேன்னு சொல்லுங்க, கேக்கறேன். தினம் காலைப் பாருன்னு சொல்லுங்க, பாக்கறேன். வீட்டோட இருன்னு சொல்ல நீங்க யாரு?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் வேலையில் இருந்தார், நாலு விரல் பாதத்தோடு. தொட்டிக்கு முன்னால் உயரமான நாற்காலி போடச் சொல்லி, அது வரும்வரை ஒரு பாட்டிலைக்கூடத் தொடவில்லையாம்.