பூரணி விரலில் சிக்கிய மோதிரம்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் பூரணி. கூட்டமென்றால் பின்னால் போய் நிற்கிற ஆள். அவளைப் போய்த்தான் சென்னையிலிருந்து படத்தில் நடிக்க வந்த நடிகை மிருணாவின் கலியாண மோதிரம் பிடித்துக்கொண்டது.

படத்தில் மிருணாவுக்குக் கலியாணமாகாத பெண் வேஷம். கேமரா முன்னால் நின்ற பிறகுதான் யாரோ மோதிரத்தைக் கவனித்தார்கள். மிருணா அவசரமாகக் கழற்றி, கொழுந்து பறிக்கிற காட்சிக்காகப் பக்கத்தில் நிறுத்தியிருந்த பூரணியிடம் நீட்டினாள்.

"அக்கா, ஷூட்டிங் முடியிற வரைக்கும் இத வச்சிருங்க."

முந்தானையில் முடிந்தால் அவிழ்ந்துவிடும், கூடையில் போட்டால் கொழுந்தோடு போய்விடும். பூரணி அதைத் தன் விரலிலேயே அழுத்தி மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. மிருணாவை வேனில் ஏற்றிப் பங்களாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

லயத்து வீட்டுக்கு வந்து கழற்றினால் வரவில்லை. சவர்க்கார நுரை போட்டாள், தேங்காயெண்ணெய் தடவினாள். திருகத் திருக விரல்தான் வீங்கியது.

"அவங்கதானே குடுத்தாங்க, எதுக்குப் பயப்படுற?" என்றான் புருஷன் ஆண்டியப்பன்.

"அத யாரு பாத்தா? எல்லாரும் கேமராவத்தானே பாத்துக்கிட்டு இருந்தாங்க!"

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற வினோதா ஓடி வந்தாள். "அக்கா, பங்களாவுல மோதிரத்தக் காணோமாம். படக் கம்பெனி மேனேஜர் பொலிசுக்குச் சொல்லப் போறாராம்."

பூரணி உடனே எழுந்தாள். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தூறலிலேயே புருஷனோடு பங்களாவுக்கு நடந்தாள்.

வாசலில் நின்ற மேனேஜரிடம் கையை எடுத்து நீட்டினாள்; அவன் விரலைப் பார்த்தான். "போட்டு அழகு பாத்தாச்சா?"

"கழறல சார்..." மோதிரத்தைத் திருகிக் காட்டினாள்.

சத்தம் கேட்டு மிருணா வெளியே வந்தாள். "நான்தான் குடுத்தேன். எல்லாரும் தலையில துணி கட்டியிருந்தீங்களா, யார்கிட்ட குடுத்தேன்னே தெரியல. உக்காருங்கக்கா."

ஐஸ் வைத்தார்கள், நூல் சுற்றி இழுத்தார்கள். மோதிரம் அசையவில்லை, விரல் ஊதா நிறமாகிவிட்டது. கடைசியில் டிரைவர் வேனிலிருந்து கட்டர் எடுத்து வந்தான்.

பூரணி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வேணாம் மேடம்! கலியாண மோதிரம், வெட்டினா குடும்பத்துக்கு ஆகாது. வீக்கம் வடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்."

"விரல் கறுக்குதுக்கா. வெட்டட்டும்."

மிருணாவே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டர் கடித்தது. மோதிரம் வாய் பிளந்து கழன்றது. பூரணி ஓவென்று அழுதுவிட்டாள்.

மிருணா அதைக் கைக்குட்டையில் பொதிந்தாள். "அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க அழாதீங்க" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் புருஷன்காரர் என்ன சொன்னாரோ, யாருக்குத் தெரியும்?

படக்காரர்கள் போய்விட்டார்கள். விரலும் ஆறியது. ஆனால் மகளின் போனில் மிருணாவின் படம் வந்தால் போதும், பூரணி, "பக்கத்துல நிக்கிறது அவங்க வீட்டுக்காரரு தானே? வேற ஆளு இல்லியே?" என்று கேட்பாள். "அவருதாம்மா" என்று மகள் சொன்னாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு மாரியம்மன் கோயிலில் போய் நின்றாள்.

"பேரு?" என்று கேட்டார் பூசாரி.

"மிருணா."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. வீட்டுக்காரரோட நல்லா இருக்கணும்னு சொல்லிப் பண்ணுங்க."