நான் மாற்றச் சொன்ன பம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு என் மகள் கார் சாவியைத் திருப்பினாள். இன்ஜினை ஓட்டவில்லை. புதிதாக மாட்டிய பெட்ரோல் பம்பு மட்டும் ஓடட்டும் என்று பாதிவரைதான் திருப்பினாள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரைச்சல் கிளம்பியது. பிறகு பானெட்டுக்குள் எதுவோ 'டப்' என்று கழன்றது. ஷெட் தரையில் பெட்ரோல் கொட்டியது.

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அவளுடைய கைக்கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கார் வேலை? நீங்களாச்சும் கண்டிக்கக் கூடாதா?" நான் தலையை ஆட்டுகிறேன். காபி கொடுத்து அனுப்புகிறேன். கதவைச் சாத்திய பிறகு அவர்கள்மீது வருகிற ஆத்திரம் கொஞ்ச நேரத்தில் என்மீதே திரும்பிவிடுகிறது. அந்தப் பம்பை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தேன்.

அவள் மெக்கானிக்கல் படித்தவள். சொந்தச் சம்பளத்தில் ஒரு பழைய டர்போ கார் வாங்கி, அதன் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறாள். சக்தி ஏறியதும் பழைய பம்பு திணறியது. "முழு வேகத்துல பெட்ரோல் பத்தலைன்னா பிஸ்டன் உருகிரும்ப்பா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அது ஒரு கணக்கு. எனக்கோ அந்த 'உருகிரும்' நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மூன்று வாரம் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்து, மணிக்கு இருநூற்றைம்பத்தைந்து லிட்டர் தள்ளுகிற பம்பு போதும் என்று முடிவுசெய்தாள். மதுரையில் ஒரு கடையில் ஆர்டரும் கொடுத்தாள். அதே கடையில் நானூற்றைம்பது லிட்டர் பம்பும் இருந்தது. அது ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"கார் குடிச்சது போக மிச்சப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகணும்ப்பா. நம்ம கார்ல திரும்புற குழாய் சின்னது. பெரிய பம்பு வச்சா மிச்சம் போக வழியில்லாம பிரஷர் ஏறும். பழைய ஹோஸ் தாங்காது."

புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். தீயணைக்க நாலு மண் வாளி வைக்கச் சொன்ன இடத்தில் எட்டு வைத்தே பழகியவன். எதுவும் பத்தாமல் போனால்தான் ஆபத்து, மிஞ்சினால் ஆபத்தில்லை என்று என் புத்தி ஊறிப்போயிருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் கடைக்குப் போன் செய்து பெரியதை அனுப்பச் சொன்னேன். என்ன கார், என்ன ஹோஸ் என்று கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெருசே போட்டுக்கங்கண்ணே, ஆயுசுக்கும் கவலையில்ல" என்றான். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அவன் விற்கிறவன். நான் அப்பன்.

சனிக்கிழமை பெட்டியைப் பிரித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு மாத்துனது?"

"நாந்தான். என்ன இப்ப?"

"இதென்ன உங்க கம்பெனி மண்ணு வாளியா, நாலுக்கு எட்டு வைக்க?"

"பிஸ்டன் உருகி பந்தயத்துக்கு நடுவுல நீ நிக்கணுமாக்கும்? மாட்டு தாயி. இல்லேன்னா காரை வித்துருவேன். வண்டி எம் பேருல இருக்கு, தெரியும்ல?"

அந்த மிரட்டலுக்கு இன்றைக்கும் என்னிடம் நியாயம் இல்லை.

மறுநாள் மாட்டினாள். தடித்த வயர் இழுத்தாள். "புது ஹோஸும் பெரிய திரும்பு குழாயும் அடுத்த வாரம் வந்துரும். அதுவரைக்கும் ஓட விட வேண்டாம்" என்றாள். நான்தான் விடவில்லை. "சும்மா ஒரு தடவை போட்டுக் காட்டு. சத்தத்தையாவது கேப்போம்."

இதில் கேவலம் என்னவென்றால், அன்று காலை முழுக்க நான் பாதுகாப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். நைலான் துணி கூடாது என்று அவளைப் பருத்திச் சுடிதார் போட வைத்தேன். போன்களை வீட்டுக்குள் வைக்கச் சொன்னேன். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவோம். அதேபோல் ஒரு தகட்டை ஷெட் வாசலில் பதித்து, டேங்கைத் திறக்குமுன் அவளைத் தொட வைத்தேன். அவளும் சிரித்துக்கொண்டே தொட்டாள்.

பெட்ரோல் கொட்டியதும் அவள் சாவியைப் பிடுங்கிவிட்டாள். தரையில் ஒரு பாய் அளவுக்குத்தான் கிடந்தது. மண்ணைப் போட்டு மூடியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கருமருந்து சிந்தினால் நாங்கள் முதலில் செய்வது நனைப்பது. நனைந்த கருமருந்து செத்த மருந்து. இத்தனை வருஷமாகக் கை பழகிய வேலை அது. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்று தெரிந்த தலை அங்கே இல்லவே இல்லை, கைதான் இருந்தது. தோட்டத்து ஹோஸை இழுத்துக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

"அப்பா! தண்ணி விடாதீக! அப்பா!"

காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. தண்ணீர் பெட்ரோலைச் சுமந்துகொண்டு வாசல் இறங்கி, தெரு ஓரத்து வாறுகாலில் விழுந்து ஓடியது. சாக்கடைத் தண்ணீர்மேல் அது வண்ணம் வண்ணமாகப் போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது வீட்டு வாசலில் புரோட்டாக்கடை அக்கா மத்தியான வியாபாரத்துக்கு விறகடுப்பு மூட்டியிருந்தார். அடுப்பு வாறுகாலை ஒட்டி.

மகள் எனக்கு முன்னால் ஓடினாள். "அக்கா, எந்திரிங்க! அந்தாண்ட போங்க!"

"என்ன தாயி? எண்ணெ காஞ்சிருச்சு..."

"எண்ணெ கெடக்கட்டும், ஓடுங்கக்கா!"

எதிர்வீட்டுக்காரர் வீடு கட்டக் கொட்டிய எம்-சாண்ட் குவியல் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வாறுகாலில் கொட்டினாள். முக்கால்வாசி அடைத்திருப்பாள். முன்னால் போன மெல்லிய படலம் ஒன்று அடுப்பை எட்டிவிட்டது. தண்ணீர்மேல் நீல நெருப்பு ஒரு முழ நீளம் ஓடி வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நெருப்பு எங்கள் ஷெட் வரைக்கும் வந்திருக்கும். வலது முன்கை வெந்துகொண்டிருக்கும்போதே இடது கையால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

நான் குழாயை மூடிவிட்டு ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா அவளை உட்காரவைத்து, குடி தண்ணீர்ப் பானையில் கையை முக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏன் தம்பி, படிச்ச மனுசந்தான நீங்க?" என்று கத்தினார். மகள் கண்ணை மூடியிருந்தாள்.

யாரோ தகவல் கொடுத்து, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் செய்த காரியம் யாருக்கும் தெரியாது. வாசலுக்குத் திரும்பிப் போய், கிடந்த ஹோஸைக் காலால் செடித்தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன்.

இறங்கி வந்த நிலைய அதிகாரி தெரிந்தவர். எங்கள் கம்பெனிப் பயிற்சியில் என்னோடு மேடையில் நின்று, எந்தத் தீக்குத் தண்ணீர், எந்தத் தீக்கு மண் என்று தொழிலாளர்களுக்கு விளக்கியவர். வாறுகாலை அடைத்துக் கிடந்த மண்ணைக் குனிந்து பார்த்தார். பானைக்குள் கையோடு உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். பிறகு என்னை அடையாளம் கண்டு, தோளில் தட்டினார்.

"போர்மேன் சார், நீங்க இருக்கப் போய்த் தப்புச்சு. பாருங்க, அம்புட்டுக் கச்சிதமா மண்ணைப் போட்டிருக்கீக. வேற எவனாச்சும் இருந்தா தண்ணிய ஊத்தித் தெருவையே கொளுத்திருப்பான்."