பாகலூர் இசைத் திருவிழாவில் எனக்குக் கேட்காத புல்லாங்குழல்

மே மாதம் எங்கள் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புக்காக நான்கு நாள் விடுமுறை விட்டார்கள். மனைவி கலைவாணியும் மகள் யாழினியும் கோடை விடுமுறைக்குச் சாத்தூர் போயிருந்தார்கள். ஓசூர் வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு இரண்டாம் நாளே அலுத்துவிட்டது. அப்போதுதான் பேருந்து நிழற்குடையில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய மைதானத்தில் இரண்டு நாள் இசைத் திருவிழா. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புல்லாங்குழல் என்று போட்டிருந்தது. எனக்குப் புல்லாங்குழல் என்றால் உயிர். வேறு எதையும் யோசிக்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதிய பயணங்கள் எல்லாம் நாங்கள் மூன்று பேராகப் போனவை. தனியாகப் போனது இதுதான் முதல் முறை. போய் வந்து ஏழு வாரம் கழித்துத்தான் எழுத உட்காருகிறேன். ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்பது படித்தால் தெரியும்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் பகல் 1.10க்கு நகரப் பேருந்து ஏறினேன். பாகலூர் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் லாரிகளுக்குள் ஊர்ந்து போய்ச் சேர நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. டிக்கெட் பதினைந்து ரூபாய். பாகலூர் நிறுத்தத்தில் இறங்கியதும் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். மைதானம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர், தனி ஆட்டோ நூறு ரூபாய்.

பாதி வழியில் ஆட்டோக்காரர் என்னவோ கேட்டார். “ஆமாங்க” என்றேன்.

அவர் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். “ஆமான்னா எது சார்? மொத கேட்டா, ரெண்டாவது கேட்டா?” என்று கத்தினார்.

“ஏதாவது ஒண்ணுங்க.”

சிரித்துக்கொண்டே கன்னடத்தில் எதையோ சொல்லிவிட்டு முதல் கேட்டில் இறக்கிவிட்டார். அங்கிருந்து எண்ணூறு மீட்டர் வெயிலில் நடை. நீங்கள் போனால் இரண்டாவது கேட் என்று சொல்லுங்கள். அங்கே மரநிழல் உண்டு, மேடையும் பக்கம்.

சாத்தூர்க்காரனான நான் இந்தப் பக்கம் வந்து பதினேழு வருடம் ஆகிறது. இங்கே ஒரே ஆள் ஒரே மூச்சில் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் நடுவழிக்கு வந்து, கன்னடத்தில் முடிப்பார். புரியாதபோது தலையாட்டிவிடுவது என் வழக்கம். எல்லைப்புறத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சமாளிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

நுழைவுச்சீட்டு அறுநூறு ரூபாய். பிளாஸ்டிக் பாட்டிலை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோகலாம், உள்ளே குடிநீர் இலவசம். மைதானத்தின் பாதிக்குமேல் பச்சை நிழல்வலை கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பாய் விரித்து உட்காரலாம். தட்டு இட்லி அறுபது ரூபாய், மோர் இருபது. கழிப்பறைகள் நாலு மணி வரைக்கும் நன்றாக இருந்தன, அதற்குமேல் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

2.45க்குக் கர்நாடகத்து டொள்ளு மேளம். இடுப்பளவு பெரிய மேளத்தைக் கட்டிக்கொண்டு பதினாறு பேர் ஆடிக்கொண்டே அடித்தார்கள். நான் ஒலிபெருக்கிக்கு இருபது அடி தூரத்தில் நின்றிருந்தேன். என்னைச் சுற்றியிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முன்வரிசை இப்படிச் சும்மா கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அது முடிந்ததும் நிழல்வலைக்குக் கீழே இடம் தேடினேன். இரண்டு பெண்கள் பாயில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். பேசியவர் பெயர் நாகம்மா, ஐம்பது வயதிருக்கும். பாகலூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை. கூட வந்தது அவருடைய தங்கை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இலவசச் சீட்டு கொடுத்திருந்தார்களாம். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்றை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் பேசப்பேசத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

புல்லாங்குழல் 5.20க்கு ஆரம்பித்தது. வாசித்தவர் இளம்பெண். முதலில் முழ நீளக் குழலை எடுத்து அரை மணி நேரம் வாசித்தார். அந்த அரை மணி நேரத்துக்கே அறுநூறு ரூபாய் சரியாகப் போயிற்று. பிறகு அதை வைத்துவிட்டு, ஒரு சாண் அளவுக்குச் சின்னக் குழல் ஒன்றை எடுத்தார். பக்கவாத்தியங்கள் நின்றன. கூட்டம் அடங்கியது. நாலாயிரம் பேராவது இருப்பார்கள், ஒரு சலசலப்பு இல்லை.

குழல் மேலே மேலே ஏறியது. ஏறி, மெலிந்து, நின்றுவிட்டது.

முடித்துவிட்டார் என்று கைதட்டப் போனேன். ஆனால் அவருடைய விரல்கள் நிற்கவில்லை. உதடு குழலில்தான் இருந்தது. பெரிய திரையில் அவருடைய முகம் தெரிந்தது, கண்ணை மூடியிருந்தார், விரல்கள் பறந்துகொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. பாவம், மைக் போய்விட்டது, அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். பத்து விநாடி பார்த்தேன். இருபது விநாடி பார்த்தேன். ஒலிக் கருவிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அசையவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

“ஹலோ! மைக் கட்டாயிருச்சு! பாருங்க, மைக்கு!” என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

அத்தனை தலைகளும் திரும்பின. பக்கத்தில் இருந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாயசைத்தார். ஒரு தன்னார்வலர் இரண்டு கைகளாலும் உட்காரச் சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். நாகம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

“இன்னா தம்பி ஆச்சு உங்களுக்கு? நல்லாத்தான் கேக்குது.”

“எங்கக்கா கேக்குது? நின்னு போச்சே!”

அவர் என் முகத்தையே பார்த்தார். “கேக்குதுப்பா. இப்ப ஊதிக்கினு இருக்குதே, குருவி கத்தற மாதிரி.”

அவருடைய தங்கையைப் பார்த்தேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணை அழவைத்துக்கொண்டிருந்த ஒன்று என்னைச் சுற்றிலும் இருந்தது, எனக்கு அது இல்லை. கொஞ்ச நேரத்தில் கைதட்டல் எழுந்தது. அது மட்டும் எனக்குப் பாறாங்கல் உருள்வதுபோலத் துல்லியமாகக் கேட்டது.

கூட்டம் விடவில்லை. குழல் வாசித்த பெண் மறுபடியும் சின்னக் குழலை எடுத்தார்.

நாகம்மா என்ன நினைத்தாரோ, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வாயை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “தம்பி, கேக்கற வரைக்கும் நான் தட்டிக்கினே இருக்கன். நின்னா நிறுத்திடறன். நீங்க பாருங்க.”

குழல் ஆரம்பித்தது. அவர் விரல் என் கையில் தட்ட ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நாங்கள் சேர்ந்தே போனோம். பிறகு குழல் ஏறியது, மெலிந்தது, எனக்கு நின்றது. விரல் நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தது. எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. இதோ நிறுத்திவிடுவார் என்று பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. அவர் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். உடனே கைதட்டல்.

“அவ்ளோதான் தம்பி, முடிஞ்சிது,” என்றார்.

6.25க்குக் கூட்டத்தைவிட்டு விலகி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் கலைவாணிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பதறவில்லை.

“இப்பவாச்சும் தெரிஞ்சுதே,” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்? காது டாக்டர்ட்ட போவோம்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்? இந்த ஊர்ப் பேச்சு புரியல, அவ்ளோதான்னு சொல்லிருவீங்க. நம்ம வீட்டுல யாருங்க கன்னடம் பேசுறா?”

ஆட்டோவில், கடையில், வங்கியில், அவள் எப்போதும் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வாள். அது அவளுடைய வாய் ஓயாத பழக்கம் என்று நினைத்திருந்தேன். சில சமயம் எரிந்தும் விழுந்திருக்கிறேன்.

“இன்னொண்ணு சொல்லவாங்க? மனசு சங்கடப்படாதீங்க,” என்றாள். “பாப்பா உங்ககூடப் பேசறதயே விட்டுட்டா. அவ கீச்சுக்குரல்ல என்ன சொன்னாலும் ‘ம்ம்’னு தலையாட்டிருவீங்க. அப்பாவுக்கு எங்கிட்டப் பேசப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டா. நான்தான் அப்பாவுக்குக் காது மந்தம்டின்னு சொல்லி வச்சிருக்கேன்.”

குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். வளர வளர யாழினி அமைதியான பிள்ளையாகிவிட்டாள் என்று ஷிஃப்டில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். புல்லாங்குழல் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. என் வீட்டிலேயே ஒரு குழந்தை இரண்டு வருடமாகப் பேசிப் பார்த்துவிட்டு ஓய்ந்திருக்கிறது, நான் எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

முக்கியக் கச்சேரி ஏழு மணிக்கு. நான் இருக்கவில்லை. நாகம்மாவிடம் சொல்லிக்கொண்டு 6.50க்குக் கிளம்பி, 8.15க்கு ஓசூர் வந்தேன்.

திங்கட்கிழமை காது மருத்துவரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் தடித்த சத்தங்கள் இருக்கும் இடப்பக்கம் தட்டையாக வந்த கோடு, கீச்சொலிகள் இருக்கும் வலப்பக்கம் போகப்போகப் படிக்கட்டிலிருந்து தவறி விழுந்ததுபோல் இறங்கியிருந்தது.

“என்ன வேலை?” என்று கேட்டார் மருத்துவர்.

“பிரஸ் ஷாப் மேடம். தகடு அடிக்கிற மெஷின். பதினேழு வருஷம்.”

“காதுல வைக்க பிளக் குடுக்கறது இல்லையா?”

“குடுக்கறாங்க. பையில இருக்கும்.”

அவர் திட்டவில்லை. முதலில் கீச்சென்ற சத்தங்கள்தான் போகும், குருவி, குழந்தைகள் குரல் எல்லாம், பேச்சு முழுசாகப் போகாததால் யாருக்கும் உறைக்காது என்றார். “போனது திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்கலாம்.” இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறேன். அது முழுசாகத் திருப்பித் தரவில்லை, இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். பிரஸ் ஷாப்பிலிருந்து சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். முடிவு வரும்வரை பிளக் காதில்தான் இருக்கிறது.

இந்தத் திருவிழாவுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பகல் பன்னிரண்டுக்கே ஓசூரிலிருந்து கிளம்புங்கள், இரண்டாவது கேட்டில் இறங்குங்கள், பாயும் தொப்பியும் கொண்டுபோங்கள். ஏழு மணிக்குமேல் ஆட்டோக்காரர்கள் வைத்ததுதான் விலை, அதனால் திரும்பும் வண்டியை முன்னாலேயே பேசி வையுங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். பிரஸ், கிரைண்டிங், ஃபோர்ஜிங் பிரிவுகளில் வேலை செய்கிற ஓசூர், போச்சம்பள்ளி நண்பர்கள் திருவிழா வரைக்கும் காத்திருக்காமல் இந்த வாரமே காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளாவது வீட்டு ஆட்கள் இல்லாமல் தனியாக வெளியே போய்ப் பாருங்கள். அவர்கள் நமக்காக எதையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிகிறது.

ஜூன் முதல் வாரம் இருவரும் ஊரிலிருந்து வந்தார்கள். யாழினியை எனக்கு நேரெதிரே, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்து, “சாத்தூர்ல என்ன நடந்துச்சு, சொல்லு பாப்பா,” என்றேன். அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள்.

“என்னையப் பாத்து சொல்லுடா. புரியலைன்னா திருப்பிக் கேப்பேன்.”

ஆரம்பித்தாள். மாமா வீட்டு நாய், சித்தியின் புது ஸ்கூட்டர், ரயிலில் அலைபேசியில் சண்டை போட்ட ஒரு ஆள் என்று போய்க்கொண்டே இருந்தது. அந்த ஆளைப்போலவே நடித்துக் காட்டினாள். நடுவில் பதினோரு தடவையாவது “என்னது?” என்று கேட்டிருப்பேன், அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். என் மகள் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாள் என்று அவளுடைய பதினோராவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.