கோகிலா பெயர்த்துக் கொடுத்த தோட்டம்

நெவார்க் விமான நிலையத்தில் இறங்கியபோது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. டாலஸில் கிளம்பும்போதே வெயில் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. இங்கே மே மூன்றாவது வாரத்திலும் முழுக்கைச் சட்டை தேவைப்பட்டது. நாளுக்கு அறுபத்தெட்டு டாலரில் ஒரு சின்ன கார் எடுத்துக்கொண்டு 78-ஆம் எண் ஃப்ரீவேயில் மேற்கே கிளம்பினேன். நாற்பது மைலில் கிளின்டன், அங்கிருந்து வடக்கே மூன்று மைலில் ஹை பிரிட்ஜ். என் தங்கை கோகிலாவின் வீடு அந்த ஊரின் ஓரத்தில், ஓக் மரக்காட்டை ஒட்டிய சரிவில் இருக்கிறது. இருந்தது என்று எழுதப் பழக வேண்டும்.

அவள் கணவர் செந்திலுக்கு மார்ச் கடைசியில் வேலை போய்விட்டது. கிரீன் கார்டு வரிசை நகர்ந்தபாடில்லை. வேலை போனவர்களுக்குத் தரும் அறுபது நாள் கெடு முடிவதற்குள் இன்னொரு கம்பெனி விசா எடுத்துத் தரவும் முன்வரவில்லை. வீட்டை விற்றாயிற்று, அடுத்த வாரம் கோயம்புத்தூருக்கு டிக்கெட். போனில் கோகிலா என்னைக் கூப்பிட்டது சாமான் கட்ட அல்ல. "செடியெல்லாம் பேத்துக் குடுக்கோணும்ண்ணா. அவருக்கு பேக் பெயின். நீ வந்தா ஒத்தாசையா இருக்கும்" என்றாள்.

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்தவரை அவள் ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியவள் அல்ல. வேலைக்குப் போக அனுமதியில்லாத விசாவில் வந்து, பேச ஆளில்லாமல் கிடந்த நாட்களில், பக்கத்து ஊர்களில் தோட்டம் வைத்திருப்பவர்களின் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். போகிற வீட்டிலிருந்து ஆளுக்கொரு செடி எடுத்து வருவார்கள். அப்படித்தான் இது வளர்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வெயில் முன்பக்கப் பாறைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, ஒரு கைப்பிடி ஜல்லியில், பொத்தான் அளவு ரோஜா நிறப் பூக்கள். வீட்டுக்குப் பின்னால், மரநிழலில், வேறு உலகம். பெரணிகளுக்கு இடையே நீலமாக ஃப்ளாக்ஸ், சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கும் கொலம்பைன், நுரை நுரையாக ஏதோ வெள்ளைப்பூ. டெக்சாஸில் எட்டு வருடமாக இருக்கிறேன். நிழலில் இவ்வளவு பூக்கும் என்பது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே தோட்டக் குழுவினரின் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. கோகிலா ஒரு விதி வைத்திருந்தாள்: ஒரு செடியை முதலில் யார் கொடுத்தார்களோ, அவர்களுக்கே முதல் பங்கு. எது யார் கொடுத்தது என்பது எல்லாமே அவளுக்கு நினைவில் இருந்தது. அவள் கை காட்ட, நான் மண்வெட்டி போட்டேன். அவளுடைய ஒன்பது வயது மகள் நிலா கிட்டே வரவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், எல்லோரும் ஏன் 'திரும்பிப் போகிறீர்கள்' என்கிறார்கள், நான் அங்கே இருந்ததே இல்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

எல்லோரும் சுறுசுறுப்பாகத் தோண்டிக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் மட்டும் தன் காரை விட்டு நகராமல் நின்றார். பக்கத்துக் கேலிஃபோன் ஊர்க்காரர், டாம் அங்கிள் என்று நிலா சொன்னாள். அவர் மனைவி ரூத்தான் கோகிலாவுக்கு முதன்முதலாகச் செடி கொடுத்தவர். ரூத் இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவர்கள் தோட்டத்தை மான்கள் தரையோடு மேய்ந்துவிட்டன. ஒரு செடி மிஞ்சவில்லை.

கோகிலா அவர் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே ட்ரில்லியம் கூட்டமாக நின்றது. மூன்று இலை, மேலே மூன்று இதழ். வெள்ளையாகப் பூத்து, வாடும் பருவத்தில் இளஞ்சிவப்பாக மாறும் பூ. இது முழுக்க ரூத்தோடது என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். பூத்திருக்கும்போது பெயர்க்கக் கூடாதாம், வேறு வழியில்லாததால் மண்ணோடு பெரிய கட்டியாக வெட்டி எடுத்துத் தொட்டியில் வைத்தோம். பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் தோளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். தொட்டியை முன் சீட்டில் வைத்து பெல்ட் மாட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டை வாங்கியவர் அளவெடுக்க வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கோகிலா அவரை மரங்களுக்கு அடியில் ஒரு மூலைக்கு அழைத்துப் போனாள். அங்கே லேடீஸ் ஸ்லிப்பர் என்ற காட்டு ஆர்க்கிட் பூத்திருந்தது, ஒற்றைக் காம்பின் நுனியில் ரோஜா நிறத்தில் ஊதிய பை போல. அவள் நட்டதல்ல, தானாக வந்தது. அந்த மண்ணில் இருக்கும் ஒருவகைப் பூஞ்சணம் இல்லாமல் அது பிழைக்காது, அதனால் அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த மூலையை மட்டும் வெட்டாமல் விட முடியுமா என்று கேட்டாள்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மிக அழகு என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, தன் சின்ன மகளைப் போன வருடம் உண்ணி கடித்ததையும், காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கி மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததையும் சொன்னார். உண்ணி ஒளிந்திருக்கும் புதரையெல்லாம் எடுத்துவிட்டுப் புல்தரை போட்டால்தான் அவள் வெளியே ஓடுவாள் என்றார். மன்னிப்பும் கேட்டார். கோகிலா, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாள்.

அவர் போன பிறகு செந்தில் என்னிடம், "அவரு சொல்றதுலயும் தப்பில்லைங்க மச்சான்" என்றார். கோகிலா காதில் வாங்கிக்கொள்ளாதவள் போல உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு கொலம்பைனாவது பிளானோவில் என் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், வடக்குச் சுவர் ஓரமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம்ண்ணா."

"ஏன் கண்ணு?"

"அந்த வெயிலுக்குக் கருகிப் போயிரும். அப்புறம் நீ போன் பண்ணி எங்கிட்டச் சொல்லோணும்."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பெட்டியோடு வெளியே வந்தபோது அவள் பின்பக்கம் ஹோஸ் பிடித்து நின்றாள். ஃப்ளாக்ஸ் இருந்த இடம், பெரணி இருந்த இடம், ட்ரில்லியம் இருந்த பெரிய பள்ளம் என்று ஒவ்வொன்றாக நின்று நிதானமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வெறும் குழிக்கு எதற்கு என்று கேட்டேன். "மண்ணு காஞ்சு கெடக்குது பாருண்ணா" என்றாள். நானும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குழாய் சிக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொடுத்தேன்.

மதியம் டாலஸில் இறங்கி டோல்வேயில் காரோட்டி வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டு முன்னாலும் ஒரே உயரத்துக்கு வெட்டிய புல், வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. தோட்டம் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். நன்றாகப் பூத்திருந்தது என்றேன்.